வற்ற வேண்டிய வருவாய்

தீப்பழக்கங்களின்மேல் வரி இடுக. அவ் வருவாயால் மக்கள் உலவப் பூங்காவும் நடைவழியும் அமைக்க என்பார் உளர். நல்ல கருத்தே. ஆயின், அதனுள் ஒரு முரண் உண்டு.

அமெரிக்க நாட்டின் கலிபோர்னிய மாநில மக்கள் 1988-ஆம் ஆண்டில் ஒப்போலையிட்டு, பெட்டி ஒன்றுக்கு 10 சென்டாக இருந்த வெண்சுருட்டு வரியை 35 சென்டாக உயர்த்தினர். அக் கூடுதல் வருவாயில் நூற்றுக்கு 5 பங்கைப் பூங்காக்களுக்கும் காட்டுயிர் வாழிடங்களுக்கும் ஒதுக்கினர். புகைப்போர் குறைந்தனர், வருவாயும் குறைந்தது. வரி வென்றது, கருவூலம் இளைத்தது!

இதற்கு வருந்துவதா? நோய் குறைந்ததே என்று மருத்துவன் அழுவானா? ஆயின், ஒன்றை உணர்க. இவ் வரியை நம்பியே ஆண்டுதோறும் பூங்காவைப் பேண முனைந்தால், பூங்கா தழைக்கப் புகைப்போர் பெருக வேண்டும் என்னும் இழிநிலைக்கு அரசு வந்துவிடும். குடியாலும் புகையாலும் கருவூலம் நிரப்பும் எவ்வரசும் விழக்கூடிய பொறி இது.

ஆகலின், வரும்வரை அப் பணத்தை நிலம் வாங்கவும் வழி அமைக்கவும் செலவிடுக. அவை ஒருமுறை செய்தால் நெடிது நிற்பன. அவற்றைப் பேணும் ஆண்டுச் செலவைப் பொது வருவாயினின்று தருக. மக்கள் நடக்கும் வழி, மக்கள் நலிவின்மேல் நிற்றலாகாது!