பேட்டரியை மாற்றலாம், உத்தரவாதம் நிலைக்குமா?

புது தில்லி: செல்போன் பேட்டரியை வாங்கியவரே மாற்றிக்கொள்ள முடியுமா என்ற கேள்விக்கு மத்திய நுகர்வோர் விவகாரத் துறையின் முயற்சிகளில் பாதி விடையே கிடைக்கிறது. பழுதுபார்க்கும் உரிமைக்கான இணையதளத்தை அத்துறை 2022 டிசம்பரில் தொடங்கியது. 2025 மே மாதம் அறிக்கை அளித்த குழு, முதல்கட்டமாக செல்போன், டேப்லெட் ஆகியவற்றுக்குப் பழுதுநீக்கக் குறியீடு வழங்கப் பரிந்துரைத்தது. கழற்றுவது எளிதா, உதிரிபாகம் கிடைக்கிறதா என்பதைப் பொறுத்து மதிப்பெண் அமையும்.

ஆனால், வெளியாள் திறந்தால் உத்தரவாதம் ரத்து என்று நிறுவனம் விதிக்கும் நிபந்தனையை மதிப்பெண் மட்டுமே அகற்றிவிடாது. திருப்புளியை எடுப்பவரைத் தயங்க வைப்பது, பேட்டரியைப் பிடித்திருக்கும் பசையைவிட இந்த நிபந்தனைதான்.

மின்சார கார் விவகாரம் வேறு. செல்போன் பேட்டரி சுமார் 4 வோல்ட். காரிலோ பெரும்பாலும் 300 வோல்ட்டுக்கு மேல். கவனக்குறைவாகத் தொட்டால் உயிர் போகும். 2022-ல் மின்சார ஸ்கூட்டர்கள் தீப்பிடித்ததை அடுத்து பேட்டரி பாதுகாப்பு விதிகள் கடுமையாக்கப்பட்டன, அவை தயாரிப்பாளருக்கானவை. பல கார்களில் பேட்டரிக்கு 8 ஆண்டு உத்தரவாதம் உண்டு. அது முடிந்த பின், பயிற்சி பெற்ற வெளி மெக்கானிக்கை நாட வேண்டுமானால் பழுதறியும் மென்பொருளும் கையேடும் அவருக்குக் கிடைக்க வேண்டும். 2022 முயற்சியில் வாகனத் துறையும் இடம்பெற்றிருந்தது; 2025 குறியீட்டுப் பரிந்துரையில் கார் இல்லை.