ஒரே அப்பம், இரண்டு கல்லறை

ஞாயிற்றுக்கிழமை பேப்பரில் ‘மணமகள் தேவை’ பகுதியை எடுத்துப் பாருங்கள். ‘ஆர்.சி.’, ‘சி.எஸ்.ஐ.’ என்று ஆரம்பிக்கும். அடுத்த வார்த்தையிலேயே சாதி வந்து உட்கார்ந்துகொள்ளும். எல்லோரும் கிறிஸ்துவில் ஒன்று என்று கோயிலில் அப்பம் வாங்குகிறவர் கொடுத்த விளம்பரம்தான் அது.

இது சின்ன விஷயம் என்கிறீர்களா? இந்தக் கணக்கு கல்லறை வரை போகிறது. திருச்சி மேலப்புதூர் கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்தில் தலித்துகளைப் பிரிக்கச் சுவரே எழுப்பினார்கள். உயிர்த்தெழும் நாளில் எந்தப் பக்கமாக ஏறிக் குதிப்பதாக உத்தேசம்? உளுந்தூர்பேட்டை பக்கம் எறையூரில், தலித் கிறிஸ்தவர்கள் தனிப் பங்கு கேட்டார்கள். 2008 மார்ச்சில் கலவரம் வெடித்தது. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு உயிர் போனது. இரு தரப்பும் ஒரே கோயில்காரர்கள்!

1950-ஆம் ஆண்டு ஜனாதிபதி ஆணை, தலித் கிறிஸ்தவர்களைப் பட்டியல் சாதியில் சேர்க்கவில்லை. அதை மாற்றச் சொல்லிப் போராடுவது நியாயம். நானும் கையெழுத்துப் போடத் தயார். ஆனால், உங்கள் வீட்டுக் கல்யாணத்தை மாற்ற எந்த அரசாணை வர வேண்டும்?

திருச்சபைக்குள் தீண்டாமை இருப்பதை 2016-ல் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவையே ஒப்புக்கொண்டது. சரி, பாவசங்கீர்த்தனம் முடிந்தது. பரிகாரம் எங்கே?

அதை ஆயர்கள்தான் செய்ய வேண்டும் என்று காத்திருக்காதீர்கள். அடுத்த விளம்பரத்தில் அந்த ஒரு வார்த்தையை அடித்துவிட்டுக் கொடுங்கள். காசும் மிச்சம்.