தாவச் சொன்னா தேடப் போறியே ராசா!

ஆணி கொஞ்சம் அதிகம், அதான் ஒன்றரை மாசமா கடை பூட்டிக் கிடந்துச்சு. இன்னிக்கு ஒரு கோவத்தோட வந்திருக்கேன். பொட்டி தட்டுறவன் கோவம், உங்களுக்கு மொக்கையாத் தெரியலாம். ஆனா கடைசி வரைக்கும் படிச்சுட்டுத் திட்டுங்க.

எங்க ஊரு பாப்பிரெட்டிப்பட்டியில என் மாமா (அம்மாவோட தம்பி) ஒரு ஜெராக்ஸ் கடை வெச்சிருக்கார். கூடவே டிடிபி, கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி எல்லாம் உண்டு. கடையில ரெண்டு கம்ப்யூட்டர். உள்ளே இருக்கறதுல டிசைன் வேலை. கவுண்டர்ல இருக்கற பழைய பொட்டியில பிரிண்ட் மட்டும். ரெடியான பிடிஎஃப் எல்லாம் அந்தப் பொட்டியில ஒரே ஃபோல்டர்ல வந்து விழும். அதுல சில ஆயிரம் ஃபைல் இருக்கும்.

மாமாவுக்கு மவுஸே பிடிக்காது. ஃபோல்டரைத் திறப்பார், "முரு"ன்னு தட்டுவார், கர்சர் முருகன் ஃபைல்ல போய் நிக்கும், எண்டர். கண்ணு ஸ்கிரீன்ல இருக்காது, வந்த ஆள்கிட்ட "சிட்டாவா, அடங்கலாங்க?"ன்னு கேட்டுட்டு இருப்பார். பத்து வருசப் பழக்கம்.

அந்தப் பொட்டி விண்டோஸ்ல மூச்சு வாங்குதுன்னு, போன தீபாவளி லீவுல நான் லினக்ஸ் போட்டுக் குடுத்தேன். எந்த லினக்ஸ்னு பேர் வேணாம். சோதிக்காமப் போட்டது நான், குத்தம் என்னோடது. சொந்தச் செலவுல சூனியம்.

ஒரு மாசம் கழிச்சு ஒரு காதணி விழா பத்திரிகை. முதல் வடிவத்துல தேதி தப்பு. திருத்தி, அவங்க ஓகே சொல்லி, சரியான ஃபைல் மெயின் ஃபோல்டர்ல இருக்கு. தப்பான பழசு, "பழசு"ங்கற உள் ஃபோல்டர்ல அதே பேர்ல கிடக்கு. மாமா வழக்கம்போலத் தட்டினார், எண்டர் அடிச்சார், 200 பிரதி ஓடவிட்டார். எல்லாத்துலயும் தப்பான தேதி. அவ்வ்வ்வ்.

என்ன நடந்துச்சுன்னா, புது பொட்டியில எழுத்தைத் தட்டினா கர்சர் தாவல. தேடல் ஆரம்பிச்சுது. உள் ஃபோல்டருக்குள்ள எல்லாம் புகுந்து, அதே பேர்ல இருந்த ரெண்டு ஃபைலையும் பக்கத்துப் பக்கத்துல கொண்டு வந்து நிறுத்துச்சு. மாமா எண்டர் அடிச்ச நேரத்துல முதல்ல நின்னது பழசு. 200 அட்டை காசு மாமா கையில இருந்து. என்கிட்ட ஒரே வரிதான் சொன்னார்: "மாப்ள, உன் லினக்ஸை நீயே வெச்சுக்க."

இது எங்க மாமா கதை மட்டும் இல்ல. 2012 செப்டம்பர்ல க்னோம் 3.6 வந்தப்போ, அதோட கோப்பு மேலாளர் நாட்டிலஸ்ல இருந்து இந்தத் தாவுற வசதியை எடுத்துட்டாங்க. தட்டினாலே தேடல்னு ஆக்கினாங்க. ஊரே கொந்தளிச்சுது. அடுத்த மாசம் வந்த உபுண்டு 12.10, புது நாட்டிலஸ் வேணாம்னு பழைய 3.4ஐயே வெச்சுக்கிச்சு. அதுக்கப்புறம் பல பதிப்புக்கு உபுண்டுக்காரங்களே ஒட்டுப் போட்டுத் தாவலைத் திருப்பிக் கொண்டு வந்தாங்க. லினக்ஸ் மின்ட்காரங்க நாட்டிலஸையே பிரிச்சு எடுத்து நீமோன்னு தனிக்குடித்தனம் போயிட்டாங்க. (தாவல் மட்டும் காரணம் இல்ல, இன்னும் பல வசதியைத் தூக்கியிருந்தாங்க.) ஆர்ச் பயனர்கள் இதுக்குன்னே ஒட்டுப் போட்ட நாட்டிலஸைத் தனிப் பொதியா வெச்சிருக்காங்க.

மத்தவங்க என்ன பண்றாங்கன்னு பாருங்க. விண்டோஸ்ல எழுத்தைத் தட்டினா தாவும். தேடல் பெட்டிக்குப் போகணும்னு ஆசைப்படறவங்களுக்கு ஃபோல்டர் ஆப்ஷன்ஸ்ல ஒரு தேர்வு இருக்கு. மேக் ஃபைண்டரும் தாவும். கேடிஈயோட டால்ஃபின்தான் இதுல நாட்டாமை: சும்மா தட்டினா தாவல், கண்ட்ரோல் ஐ அடிச்சா வடிகட்டல், கண்ட்ரோல் எஃப் அடிச்சா தேடல். மூணு வேலை, மூணு வழி. தீர்ப்பு முடிஞ்சுது.

எதிர்க்கட்சி வாதத்தையும் பார்ப்போம். "தேடினாலும் அதே ஃபைல் கிடைக்குதே, அப்புறம் என்ன?"

நம்ம பஸ் ஸ்டாண்டுல நிக்கறீங்க. "அரூர் பஸ் எங்கண்ணா?"ன்னு கேக்கறீங்க. அந்தண்ணன் கையை நீட்டி "தோ அங்க"ங்கறார். அது தாவல். அதுக்குப் பதிலா மத்த பஸ்ஸை எல்லாம் துணி போட்டு மூடிட்டு, சேலத்துல நிக்கற அரூர் பஸ், தருமபுரியில நிக்கற அரூர் பஸ் எல்லாத்தையும் இங்க இழுத்துட்டு வந்து வரிசையா நிறுத்தினா எப்படி இருக்கும்? நான் கேட்டது இங்க நிக்கற பஸ்ஸைங்க!

தொழில்நுட்பமாவும் ஒரு விசயம் இருக்கு. தாவல் உடனே முடியும், ஏன்னா பட்டியல் ஏற்கெனவே நினைவகத்துல இருக்கு. உள் ஃபோல்டர் தேடல் வட்டைத் துழாவணும், முடிவுகள் ஒண்ணொண்ணா வந்து சேரும். நீங்க எண்டர் அடிக்கிற நொடியில மேல எது நிக்குதோ அதுதான் திறக்கும். ஒரே எழுத்தை ஒரே மாதிரி தட்டினா இன்னிக்கு ஒண்ணு, நாளைக்கு ஒண்ணு. பழக்கத்துல ஓடற கைக்கு இதைவிடப் பெரிய துரோகம் கிடையாது.

"தாவல்னு ஒரு வசதி இருக்கறதே நிறைய பேருக்குத் தெரியாது"ங்கறது அடுத்த வாதம். சரி, தட்டின எழுத்தை ஒரு மூலையில குட்டிப் பெட்டியில காட்டுங்க. எக்ஸ்எஃப்சிஈயோட துனார் அதைத்தான் பண்ணுது. தெரியாதவனுக்குச் சொல்லிக் குடுக்கணுமே தவிர, தெரிஞ்சவன் கையைக் கட்டக் கூடாது.

இப்ப என் கட்சி ஓட்டையையும் சொல்லிடறேன். தாவல் முதலெழுத்தை மட்டும் பாக்கும். நம்ம ஊர்ல பேருக்கு முன்னாடி இனிஷியல்! "எஸ்.முருகன்"னு ஃபைல் இருந்தா "முரு"ன்னு தட்டி என்ன பிரயோசனம்? தமிழ்ல ஃபைல் பேர் வெச்சா இன்னொரு தலைவலி. யுனிகோடுல "கோ"வை ரெண்டு விதமாச் சேமிக்கலாம். ஓகாரக் குறி ஒரே குறியீடா இருக்கலாம், இல்ல கொம்பு தனி, கால் தனின்னு ரெண்டா இருக்கலாம். கண்ணுக்கு ரெண்டும் ஒண்ணு, பைட்டுக்கு வேற வேற. பழைய மேக் வட்டு முறை (எச்எஃப்எஸ் பிளஸ்) பேர்களைப் பிரிச்சுத்தான் வெக்கும். அங்கிருந்து வந்த "கோழிப்பண்ணை"யை நம்ம விசைப்பலகையில தட்டினா, ஒப்பிடறதுக்கு முன்னாடி ரெண்டையும் ஒரே வடிவத்துக்கு மாத்தாத நிரல்ல சிக்காது. இதை இயல்பாக்கம்னு சொல்லுவாங்க, நிரல்ல சில வரி வேலை.

ஆக, என் தேர்தல் அறிக்கை இதோ:

1. எழுத்தைத் தட்டினா, கண்ணு முன்னாடி இருக்கற பட்டியலுக்குள்ளயே தாவு. எதையும் மறைக்காதே, வெளியிலிருந்து எதையும் கொண்டு வராதே.
2. அதே எழுத்தைத் திரும்பத் தட்டினா அடுத்ததுக்குப் போ.
3. முதல்ல எதுவும் பொருந்தலைன்னா, பேருக்குள்ள வார்த்தை தொடங்கற இடத்தைப் பார். இனிஷியல் வெச்ச தமிழனும் மனுசன்தான்.
4. ஒப்பிடறதுக்கு முன்னாடி யுனிகோடை இயல்பாக்கு.
5. தட்டினதைக் காட்டு, பேக்ஸ்பேஸ்ல திருத்த விடு, எஸ்கேப் அடிச்சா ஒதுங்கு.
6. உள் ஃபோல்டர்ல தேடணும்னா கண்ட்ரோல் எஃப் அடிச்சுக் கேப்பேன். கேக்காமத் தேடாதே.

"ஒரு சின்ன விசயத்துக்கு இவ்வளவு அலப்பறையா?"ன்னு கேக்கலாம். 2011ல தொடங்கின தமிழக அரசு இலவச மடிக்கணினித் திட்டத்துல எனக்கும் ஒண்ணு கிடைச்சுது. விண்டோஸோட சி-டாக் உருவாக்கின பாஸ் லினக்ஸும் இருந்துச்சு. எங்க வகுப்புல அதைத் தொடர்ந்து பயன்படுத்தினவன் நான் ஒருத்தன்தான். கட்டற்ற மென்பொருள் ஜெயிக்கணும்னு அப்பலருந்து தொண்டை கிழியக் கத்திட்டு இருக்கேன். உரிமம், சுதந்திரம்னு என்ன பேசினாலும், கடைக்காரர் பாக்கறது அவர் கை பழகின வேலை நடக்குதாங்கறது மட்டும்தான். மாமா தோத்தது ஒரு பத்திரிகையில. நான் தோத்தது மாமாவை.

இப்ப அந்தப் பொட்டியில திரும்பவும் விண்டோஸ். மூச்சு வாங்குது, ஆனா தாவுது. போன வாரம் கடைக்குப் போனேன். மாமா டீ வாங்கிக் குடுத்துட்டு, "உக்காரு மாப்ள, பொட்டியை மட்டும் தொடாத"ன்னார். தொடல.

டிஸ்கி: அந்த 200 அட்டையும் வீணாகல. பின்பக்கம் காலியா இருக்கறதால மாமா கடையில அதுலதான் பில்லு எழுதறார். நான் போறப்பெல்லாம் எனக்கும் ஒண்ணு காட்டறார், ஹி ஹி. உங்க பொட்டி தாவுதா, தேடுதா? பின்னூட்டத்துல சொல்லுங்க, கும்மலாம்.