இழைகள் பெருகலாம், ஒழுங்கு குலையலாகாது

ஒரே வேளையிற் பல கருமங்களை ஆற்றுதல் கணினிக்கு இயல்பாகிவிட்டது. இலகு இழைகள் எனப்படுவன அதனை இன்னும் எளிதாக்கியுள்ளன. எளிதென்பதற்காக ஆராயாது கைக்கொள்ளல் தகுமோ என்பதே எமது வினா.

கந்தோரில் இலிகிதர் ஒருவர் கடிதமொன்றை அனுப்பிவிட்டு, மறுமொழி வருமளவும் கைகட்டி இருப்பாரோ? அக்கோவையை ஒருபுறம் வைத்து அடுத்ததை எடுப்பார். இலகு இழையின் தத்துவமும் அதுவே. ஓர் இழை வலையமைப்பின் விடைக்குக் காத்திருக்கையில் அது ஒதுக்கப்பட, அதனைச் சுமந்த பணிசெயல் முறைமையின் இழை வேறொன்றைச் சுமக்கின்றது. லினக்சு முறைமையில் வழமையான இழையொன்றின் அடுக்குக்கு 8 மெகாபைற்று முகவரிவெளி ஒதுக்கப்படுதல் பெருவழக்கு. கோ மொழியின் இழையோ 2 கிலோபைற்றுடன் தொடங்கி வேண்டுமளவு வளரும். ஆதலின் இலட்சம் இழைகள் ஒருங்கே இயங்குதல் கைகூடிற்று.

இவ்வெண்ணம் நேற்றுப் பிறந்ததன்று. தனித்தனிச் செயல்கள் செய்தி பரிமாறி இயங்கும் முறையை 1978 இல் ரொனி ஹோர் வகுத்தார். 1986 இல் சுவீடனின் எரிக்சன் நிறுவனத்தில் யோ ஆம்ஸ்ரோங் முதலானோர் தொலைபேசி இணைப்பகங்களின் பொருட்டு ஏர்லாங் மொழியை ஆக்கத் தொடங்கினர். 2009 இல் கோ வெளிவந்தது. 2023 இல் யாவாவின் 21 ஆம் பதிப்பும் இவ்வழிச் சேர்ந்தது.

ஆயினும், மலிந்தது காத்திருத்தலேயன்றி உழைப்பன்று. நான்கு கருக்களுடைய முறைவழியாக்கி நாலாயிரம் இழைகளைப் பெற்றாலும் நான்கு கருக்களின் வேலையையே செய்யும்.

இதனினும் பெரிய கேடொன்று உண்டு. கணக்கொன்றில் 1,000 ரூபா உளதென்க. இரண்டு இழைகள் ஒருங்கே அதனை வாசித்து, தனித்தனியே 500 கூட்டி எழுதுமாயின், 2,000 ஆகவேண்டிய தொகை 1,500 ஆய் நிற்கும். பிழைச்செய்தி எதுவும் தோன்றாது. சோதனையில் ஆயிரம் முறை சரியாய் ஓடிய செய்நிரல், நெருக்கடி மிக்க ஒரு நாளில் தவறும். இழப்பவரோ அச்செய்நிரலை எழுதியவரல்லர். கணக்கின் சொந்தக்காரரான எளியவரே.

ஆகவே, கணினி கற்பிக்கும் ஆசிரியர்களுக்கு எமது வேண்டுகோள் ஒன்று. இழையைத் தொடக்கும் ஒற்றைச் சொல்லை மாணவர்க்குக் கற்பிக்குமுன், ஒவ்வொரு தரவுக்கும் ஒரு நேரத்தில் ஒருவரே உரியவர் என்பதையும், இழையைத் தொடக்குபவரே அதன் முடிவுக்கும் பொறுப்பாளர் என்பதையும் கற்பித்தல் வேண்டும். மொழிகள் மாறும், இவ்வொழுங்கு மாறாது. இதுவே எமது துணிபு.