நின்று நின்று உறுமும் பெட்டி



எங்கள் ஊர் மங்கலத்தில் தறி ஓடும்வரை யாரும் விழிப்பதில்லை; சத்தம் நின்றால்தான் என்னவோ ஏதோவென்று எழுந்து உட்காருவோம். அந்தப் பழக்கம் போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைக் கவிழ்த்துவிட்டது. ஃப்ரீசரில் கல்லாகிக் கிடந்த அரை கிலோ ஆட்டுக்கறியை மைக்ரோவேவ் ஓவனுக்குள் வைத்து ‘டிஃப்ராஸ்ட்’ பொத்தானை அழுத்தினேன். கொஞ்ச நேரம் உறுமியது, நின்றது. மறுபடி உறுமியது, மறுபடி நின்றது. மெஷின் கோளாறு என்று நானே முடிவுகட்டி, முழுச் சக்தியில் ஐந்து நிமிடம் ஓட விட்டேன். எடுத்துப் பார்த்தால் ஓரமெல்லாம் வெந்து வெளுத்துக் கிடக்கிறது. நடுவில் கத்தி இறங்க மாட்டேன் என்கிறது.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். தீபாவளிக்கு வந்த அந்த ஓவன் மூன்று வருடமாகக் காபியைச் சூடு பண்ணவும், தலையில் மிக்சர் டப்பாவைச் சுமக்கவும் மட்டுமே பயன்பட்டது. உங்களில் பலர் வீட்டிலும் இதே கதைதான் என்று நினைக்கிறேன்.

எதிர்வீட்டுத் தம்பி சாயப்பட்டறையில் வேலை செய்கிறான். கறியைப் பார்த்ததும் சிரித்துவிட்டான். “எங்க ஆர்.எஃப். டிரையர்ல கோன் காயற சங்கதிதானுங்க்கா இது. ஆனா தலைகீழா நடந்துபோச்சு” என்றான்.

சாயம் ஏறிய நூல்கோனைச் சூடான காற்றில் மட்டும் காயவைத்தால் மேல்சுற்று காய்ந்த பிறகும் உள்ளே ஈரம் நிற்கும். ஈரத்தோடு சாயமும் வெளியே நகர்ந்து, ஒரே கோனில் உள்ளொரு நிறம் புறமொரு நிறமாகிவிடும். அதனால்தான் ரேடியோ அலையை உள்ளே அனுப்புகிறார்கள். அந்த டிரையர்கள் பெரும்பாலும் 27.12 மெகாஹெர்ட்ஸில் ஓடுகின்றன. நம் வீட்டு ஓவன் 2,450 மெகாஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 245 கோடி அதிர்வு. இரண்டுமே தண்ணீரைப் பிடித்து உலுக்கித்தான் சூடேற்றுகின்றன. கோனில் காய்ந்த இடத்தில் பிடித்து உலுக்கத் தண்ணீர் இல்லை. ஆகவே சூடு ஈரமான இடத்துக்கே போய்ச் சேருகிறது. உள்ளும் புறமும் ஒன்றுபோலக் காய்கிறது.

கறியில் கதை மாறிவிடுகிறது. ஐஸாக இறுகிய தண்ணீர் நுண்ணலையை மிகக் கொஞ்சமாகவே உறிஞ்சும். ஓரத்தில் சிறிது உருகியதோ இல்லையோ, அந்த நீர் அலையை வாங்கத் தொடங்கும்; வாங்க வாங்கச் சூடாகும்; பக்கத்தில் இன்னும் உருகும். உருகின இடத்துக்கே பந்தி, நடுவிலுள்ள ஐஸ் பட்டினி. இதைத் தடுக்கத்தான் மெஷின் நின்று நின்று ஓடுகிறது. பெரும்பாலான ஓவன்களில் டிஃப்ராஸ்ட் என்பது முழுச் சக்தியில் ஏறத்தாழ 30 சதவீதம். நுண்ணலையை உண்டாக்கும் மேக்னட்ரான் சில நொடி ஓடிவிட்டு அதைவிட அதிக நேரம் சும்மா இருக்கும். அந்த இடைவெளியில் ஓரத்துச் சூடு உள்ளே பரவும். நான் கோளாறு என்று நினைத்தது இதைத்தான்.

அன்றிலிருந்து கறி வாங்கியதும் உருண்டையாக அடைக்காமல் தட்டையாகப் பரப்பி ஃப்ரீசரில் வைக்கிறேன். ஓவனுக்குள் போகும்முன் பாலிதீன் கவரைக் கழற்றிவிட வேண்டும். பாதியில் திருப்பிப்போட்டு, பிரிந்து வந்த துண்டுகளை வெளியே எடுத்துவிடுவேன். நடுவில் லேசாக ஐஸ் இருக்கும்போதே நிறுத்திப் பத்து நிமிடம் விட்டால் மீதி தானே இளகும். உடனே அடுப்பில் ஏற்றிவிடுங்கள். ஓரங்கள் ஏற்கெனவே வெதுவெதுப்பாகியிருக்கும். கிருமி பெருக அது போதும். மறுபடி ஃப்ரீசருக்குள் தள்ளவே கூடாது.

சமையலுக்கு வந்தால், அலை இரண்டு மூன்று சென்டிமீட்டர் ஆழத்துக்குள்ளேயே வலுவிழந்துவிடும். துண்டுகள் சிறியதாக, ஒரே அளவாக இருக்கட்டும். தட்டின் ஓரத்தைச் சுற்றி அடுக்குங்கள். உருளைக்கிழங்கை முள்கரண்டியால் குத்தி வையுங்கள். ஓட்டோடு முட்டை வைத்தால் வெடிக்கும். எவர்சில்வர் வேண்டாம், தங்க வரி போட்ட சீர்க் கோப்பையும் வேண்டாம்; பொறி பறக்கும். அரிசிம்பருப்பு சாதத்துக்கு என் ஓட்டு இன்னும் குக்கருக்குத்தான். ஆனால் எண்ணெயில்லாமல் அப்பளம் சுட ஓவனை மிஞ்ச ஆளில்லை. ஒருமுறை சோதனைக்காக, சுழலும் தட்டை எடுத்துவிட்டு, அசையாத ஒரு பீங்கான் தட்டில் அப்பளங்களைப் பரப்பிப் பாருங்கள். சில இடம் பொரிந்தும் சில இடம் பச்சையாகவும் இருக்கும். தட்டு ஏன் சுழல்கிறது என்று பிள்ளைகளுக்குக் காட்ட இது போதும்.

ஓவனுக்குள் இருக்கும் இந்த மேக்னட்ரான் ரேடாரில் பயன்பட்ட கருவி. 1945-இல் அமெரிக்காவின் ரேதியான் நிறுவனத்தில் அதன் அருகே நின்ற பெர்சி ஸ்பென்சர், தன் சட்டைப்பையிலிருந்த மிட்டாய்க்கட்டி இளகியிருப்பதைக் கவனித்தார். 1947-இல் வந்த முதல் ஓவன் ஆள் உயரம், எடை 300 கிலோவுக்கு மேல். பள்ளியை முடிக்காத ஸ்பென்சர் 12 வயதில் வேலைக்குப் போன இடம் எது தெரியுமா? நூல் சுற்றும் கட்டைகள் செய்யும் ஆலை. அந்த வயதில் பனியன் கம்பெனிக்குப் போனவர்களை நம் ஊரும் பார்த்திருக்கிறது.

போன ஞாயிறு மறுபடி அரை கிலோ கறி வைத்தேன். பெட்டி உறுமி நின்றபோதெல்லாம் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். வாசலிலிருந்து குரல் வந்தது: “ஏனுங்க்கா, கோன் காஞ்சுதுங்களா?”