சதுர அடியை நம்பிக் கொட்டகை வாங்காதீர்கள்

கலிபோர்னியாவில் வீட்டுக் கொல்லையில் மாடியில்லாத தனிக் கொட்டகை போடுவதற்கு, 120 சதுர அடி வரை கட்டட அனுமதி தேவையில்லை என்கிறது அந்த மாநிலத்தின் குடியிருப்புக் கட்டட விதி. தட்டுமுட்டுச் சாமான் வைக்க ஏற்பட்ட இந்தச் சலுகை, வீட்டிலேயே அலைச்சறுக்குப் பலகை செய்ய ஆசைப்படுபவர்களுக்கும் கைகொடுக்கிறது. ஆனால் அந்த 120 சதுர அடியை எப்படிப் பிரிப்பது? 10-க்கு 12 என்றாலும் 120தான். 8-க்கு 15 என்றாலும் 120தான். முன்னது பார்க்க லட்சணமாக இருக்கும். பலகை இழைக்கப் பின்னதுதான் உதவும்.

காரணம், வேலை நடக்கும் விதம். ‘பிளாங்க்’ எனப்படும் நுரைக்கட்டியை இடுப்பு உயர ஸ்டாண்டில் கிடத்தி, மின்சார இழைப்புளியை மூக்கிலிருந்து வால்வரை ஒரே ஓட்டமாகத் தள்ளிக்கொண்டு நடக்க வேண்டும். நடுவில் நின்றால் அந்த இடத்தில் பள்ளம் விழும். 9 அடிப் பலகைக்கான கட்டி ஒன்பதரை அடி நீளம் என்று வைத்துக்கொண்டால், 12 அடிக் கொட்டகையில் முனைக்கு ஒன்றேகால் அடிதான் மிச்சம். இழைப்புளி வாலை எட்டும்முன் முழங்கை சுவரில் இடிக்கும். 15 அடி இருந்தால் இரு பக்கமும் இரண்டே முக்கால் அடி கிடைக்கும். ஆள் தாராளமாகத் திரும்பி வரலாம்.

அகலத்தில் கதையே வேறு. பலகை சுமார் 2 அடி. ஆள் நடக்கப் பக்கத்துக்கு 3 அடி. மொத்தம் 8 அடி. அதற்கு மேல் கூடக் கூட நன்மை குறைகிறது. இந்தத் தொழிலில் கண்ணுக்கு வழிகாட்டுவது நிழல். இரண்டு நீளச் சுவர்களிலும், ஸ்டாண்டில் கிடக்கும் பலகையின் மட்டத்துக்குச் சற்று மேலே குழல்விளக்குகளைப் பொருத்துவார்கள். கூரை விளக்கை அணைத்துவிட்டால், பக்கவாட்டு வெளிச்சத்தில் வெள்ளை நுரையின் சின்ன மேடும் பள்ளமும் நிழல்கோடாகத் தெரியும். அந்தக் கோட்டைப் பார்த்துப் பார்த்துத்தான் உப்புத்தாள் ஓடும். சுவருக்கு அடர்நீலமோ பச்சையோ அடிப்பதும் வெள்ளை விளிம்பு எடுப்பாகத் தெரிவதற்காகவே. சுவர் விலகிப் போனால் விளக்கும் விலகும்; நிழல் மங்கும்.

ஜன்னலும் வேண்டாம். வெயில் பட்டால் பாலியூரித்தேன் நுரை மஞ்சளிக்கும். நேரத்துக்கு நேரம் மாறும் பகல் வெளிச்சம் நிழலையும் கலைத்துவிடும். தூசியை வெளியே தள்ளும் மின்விசிறிக்கு ஒரு துளை போதும். கதவு அவசியம் 8 அடிச் சுவரில் இருக்க வேண்டும். 9 அடிப் பலகையை 8 அடி அகலத்துக்குள் தலைமாற்ற முடியாது. நேராக உள்ளே போய் நேராக வெளியே வர வேண்டும்.

வீட்டுக் கார் ஷெட்டுகளில் இத்தொழில் தழைத்ததில் வியப்பில்லை. ஹோபி ஆல்டர் 1950-களின் தொடக்கத்தில் லகூனா பீச்சில், குடும்ப வீட்டின் கார் ஷெட்டில்தான் பால்சா மரப் பலகைகள் செய்யத் தொடங்கினார். 1954-ல் டேனா பாயின்ட்டில் கடை திறந்தார். அந்தப் பத்தாண்டின் முடிவுக்குள் கார்டன் கிளார்க்குடன் சேர்ந்து நுரைப் பலகைக்கு மாறினார். ஒற்றைக் கார் ஷெட் 20 அடி நீளம் இருப்பது அமெரிக்காவில் சாதாரணம்.

6 அடிச் சிறு பலகை மட்டும் போதும் என்பவருக்கு 12 அடி நீளமே தாராளம். ஆனால் நண்பர் ஒருவர் நீளப் பலகை கேட்டு வந்தால் கொட்டகையை இழுத்து நீட்ட முடியாது.

இடத்தைப் பெரிதாக்கிவிட்டால் ஃபைபர் கிளாஸ் ஒட்டும் வேலையையும் அங்கேயே முடித்துவிடலாம் என்று பலர் கணக்குப் போடுகிறார்கள். அது தப்புக் கணக்கு. இழைத்த தூசி ஈர ரெசினில் ஒட்டி மேற்பரப்பைக் கெடுக்கும். பாலியெஸ்டர் ரெசினிலிருந்து கிளம்பும் ஸ்டைரீன் நெடி மூக்கோடு நிற்காமல் தலைவலியையும் கொண்டுவரும். தொழில்முறைப் பட்டறைகளில் இழைக்கும் அறை வேறு, ரெசின் பூசும் அறை வேறு. பெரும்பாலும் ஆட்களும் வேறு. வீட்டில் செய்பவர் இழைப்பதோடு நிறுத்திக்கொண்டு, கட்டியை ஃபைபர் பூசும் பட்டறைக்கு அனுப்புவதே புத்திசாலித்தனம். தானே பூசியாக வேண்டும் என்றால், காற்றோட்டமுள்ள தனி இடம் வேண்டும்.

கோவளம், மாமல்லபுரம் பக்கம் அலைச்சறுக்கில் இறங்கியிருக்கும் இளைஞர்களில் யாராவது கொட்டகை போட நினைத்தாலும் அளவு இதேதான். கூரையில் மட்டும் கவனம் தேவை. ஜன்னலில்லாத தகரக் கொட்டகையில் சித்திரை வெயிலில் நிற்க முடியாது. அடியில் ஒரு பொய்க்கூரையாவது வேண்டும்.

காசு கொடுக்கும்முன் ஒரு வேலை செய்யுங்கள். தரையில் சுண்ணாம்பால் 8-க்கு 15 கோடு போட்டு, நடுவில் இரண்டு முக்காலிமேல் ஒன்பதரை அடிப் பலகை ஒன்றை வைத்து, கோட்டைத் தாண்டாமல் நாலு முறை சுற்றி வாருங்கள். பிறகு உள்ளூர் கட்டட அலுவலகத்தில் கேளுங்கள்: ஊருக்கு ஊர் விதி மாறும். கலிபோர்னியாவிலும் 120 சதுர அடிச் சலுகை கட்டடத்துக்கு மட்டுமே. மின் இணைப்புக்குத் தனி அனுமதி வாங்க வேண்டும்.