வாளின் விலையும் கவனத்தின் கணக்கும்

2021 ஜூலை 26 அன்று டோக்கியோ ஒலிம்பிக்கில் துனீசிய வீராங்கனையை 15–3 என வென்ற சி.ஏ.பவானி தேவி, அடுத்த சுற்றில் பிரான்ஸின் மனோன் புரூனேவிடம் 7–15 எனத் தோற்றார். ஒலிம்பிக்கில் களமிறங்கிய முதல் இந்திய வாள்வீச்சாளர் அவர். தோல்விக்காக ட்விட்டரில் அவர் மன்னிப்புக் கோர, பிரதமரே ஆறுதல் கூறிப் பதிலிட்டார். வாள்வீச்சில் எத்தனை பிரிவுகள் என்று அறியாதவர்களும் அன்று மாலைக்குள் அவர் பெயரைப் பகிர்ந்துகொண்டிருந்தனர்.

பவானி தேவி வண்ணாரப்பேட்டைப் பெண். திருவொற்றியூரில் வசிக்கும் எனக்கு அது சில மெட்ரோ நிலையங்கள் தொலைவுதான். பெருமிதம் இல்லாமல் இல்லை. ஆனால், பொருளியல் கற்பித்தவனுக்கு அப்புகழ் வந்த காலம்தான் உறுத்துகிறது.

2004இல் பள்ளியில் மற்ற விளையாட்டுகளில் இடம் நிரம்பிவிட்டதால் அவருக்கு வாய்த்தது வாள்வீச்சு. தொடக்கத்தில் மூங்கில் கழிகளைக் கொண்டே பயிற்சி. தந்தை கோயில் அர்ச்சகர். தாய் நகைகளை அடகு வைத்தார். பிறகு தலச்சேரி, அதன் பின் இத்தாலி. ஒலிம்பிக்கில் அவர் ஏந்திய வாளோ, பிரதமருக்கு அளிக்கப்பட்டு, மின்னணு ஏலத்தில் ஒரு கோடி ரூபாய்க்கு மேல் போனது. தொகை கங்கைத் தூய்மைத் திட்டத்துக்குச் சென்றது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. மூங்கில் கழிக்கும் அந்த வாளுக்கும் இடைப்பட்ட 17 ஆண்டுகளில், இழப்பு அபாயத்தின் பெரும்பகுதியைச் சுமந்தது ஒரு நடுத்தரக் குடும்பம் என்பதே என் கவலை.

சிறிய திறன் வேறுபாடும் எப்படிப் பெரும் வருமான வேறுபாடாகிறது என்பதை 1981இல் ஷெர்வின் ரோசன் விளக்கினார். சமூக ஊடகக் கவனத்துக்கு அந்த விதிகூட முழுமையாகப் பொருந்தவில்லை. 2023இல் சீனாவின் வூஷியில் உலகச் சாம்பியன் மிசாகி எமுராவை 15–10 என வீழ்த்தி, ஆசியச் சாம்பியன்ஷிப்பில் இந்தியாவின் முதல் பதக்கத்தைப் பவானி வென்றார். விளையாட்டின் அளவுகோலில் அது டோக்கியோவைவிடப் பெரிய சாதனை. பேச்சோ டோக்கியோ அளவுக்கு எழவில்லை. கவனம் திறனைத் தேடி வருவதில்லை, மேடையைத் தேடி வருகிறது. 2024 பாரிஸுக்கு அவர் தகுதி பெறாதபோது அதுவும் நகர்ந்துவிட்டது.

விளம்பர நிறுவனங்கள் பின்தொடர்வோர் எண்ணிக்கையைப் பார்ப்பது அவர்கள் தொழில். பொதுப்பணமும் அதே வரிசையில் நிற்கலாகாது. பதக்கம் வென்றவருக்குப் பரிசளிக்கும் அரசு, பாதுகாப்பு முகக்கவசமும் உடையும் வாங்க முடியாத பன்னிரண்டு வயதுச் சிறுமியின் செலவையும் ஏற்க வேண்டும். எண்ணூர் நெடுஞ்சாலையோரப் பள்ளிகளில் அத்தகைய சிறுமிகள் இன்றும் இருக்கிறார்கள். அவர்களுக்கு இன்ஸ்டாகிராம் கணக்கே இல்லை.